'பிற' என்ற கோட்டில் யார் எழுதப் போகிறோம்?

(சமூகப்பணியும் சட்டமும் படிக்கும் மாணவர்களின் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலைவாய்ப்பு பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னை அழைத்தார்கள். இயக்க மேடையில் வேலைவாய்ப்பு பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். முதலில் ஒரு கேள்வி. உங்களில் எத்தனை பேர் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறீர்கள்? பாதிக்கு மேல் கை தூக்கியிருக்கிறீர்கள், நல்லது. அதில் நன்னடத்தை அலுவலர் வேலையை முதல் விருப்பமாக வைத்திருப்பவர் யார்? ஒரே ஒரு தோழர். அவரும் பாதிக் கைதான் தூக்குகிறார்.

உங்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் "பி.ஓ. வேலைக்குப் படிக்கிறேன்" என்று சொன்னபோது பேங்க் வேலை என்று நினைத்து எங்கள் அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அது நன்னடத்தை அலுவலர், குற்றம் சாட்டப்பட்டவர்களையும் சிறுவர்களையும் பார்த்து அறிக்கை எழுதும் வேலை என்று விளக்கியதும் அவர் முகம் மாறியது. "நம்ம பசங்களப் புடிச்சிக் குடுக்குற வேலையா?" என்று கேட்டார். இந்த உரை முழுக்க அத்தையின் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

அத்தை அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது என் சித்தி மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. என்னைவிட ஒரு வயது இளையவன். பம்புசெட்டில் செம்புக் கம்பி திருடினான் என்பது வழக்கு. நான்கு பையன்கள் சேர்ந்து செய்தார்கள் என்றார்கள். நால்வரும் எங்கள் தெருப் பையன்கள். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். சிறுவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அது நல்ல சட்டம், நாமும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

அவனைக் கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருந்தபோது, குடும்பம் எப்படி, பையன் எப்படி என்று விசாரிக்க ஓர் அலுவலர் எங்கள் ஊருக்கு வந்தார். பேருந்து நிற்கும் இடத்தில் ஊர்த்தெரு டீக்கடை இருக்கிறது. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு முக்கால் கிலோமீட்டர். அவர் டீக்கடையோடு நின்றுகொண்டார். "அந்தப் பையன் எப்படிங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டார். "அந்தத் தெருப் பசங்க எல்லாமே அப்படித்தான் சார்" என்று பதில் வந்தது. அவர் குறித்துக்கொண்டார். எங்கள் மாமா சாலைக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். போய்ப் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை. அலுவலர் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். எங்கள் சித்தி அன்று முழுவதும் வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிப் போட்டுக் காத்திருந்தார்.

தம்பி 41 நாள் உள்ளே இருந்தான். அந்த அறிக்கையில் என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது என்பதும் அப்போது தெரியாது. அரசாங்கம் நம்மைப் பற்றி ஒரு தாளில் எழுதுகிறது, அந்தத் தாளை எழுதுகிறவர் டீக்கடையைத் தாண்டி வருவதில்லை என்ற அளவில் எனக்கு விளங்கியது.

அந்தத் தாள் என்ன செய்யும்? சட்டம் படிக்கும் தோழர்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 18 வயது நிறையாத ஒருவர் மீது குற்றச்சாட்டு வந்தால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். சிறுவரை முதன்முதலாக முன்னிறுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். பையன் எந்த வீட்டிலிருந்து வருகிறான், ஏன் பள்ளியை விட்டான், திரும்பிப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். 12ஆம் பிரிவின்படி சிறுவருக்குப் பிணை கொடுப்பதுதான் விதி. வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், ஒழுக்க ரீதியிலோ உடல், மன ரீதியிலோ ஆபத்து நேரும், நீதியின் நோக்கம் கெடும் என்று குழுமம் கருதினால் மட்டுமே மறுக்கலாம். குழுமத்தில் இருப்பவர்கள் அந்தத் தெருவைப் பார்த்ததில்லை. அறிக்கை எழுதியவரின் கண்ணைக் கொண்டுதான் அவர்கள் பார்க்கிறார்கள்.

பெரியவர்களுக்கும் இது உண்டு. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி, ஒருவர் குற்றம் செய்தார் என்று முடிவான பிறகும், உரிய வழக்குகளில் சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ நீதிமன்றம் விட்டுவிட முடியும். 21 வயதுக்குக் குறைந்தவரை, ஆயுள் தண்டனைக்குரியது அல்லாத குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்புவதானால் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்க்க வேண்டும், அனுப்புவதற்கான காரணத்தையும் எழுத வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. நம் மாகாணத்துக்கு இது புதிதும் அல்ல. குழந்தைகள் சட்டம் என்ற பெயரில் இந்தியாவில் முதன்முதலாக வந்ததே 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம்தான்.

சட்டம் இருந்தும் சிறை யாரால் நிறைந்திருக்கிறது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர் தண்டிக்கப்படாமலே உள்ளே இருந்தவர்கள். மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. பிணைக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லாதவர், நல்லவிதமாக ஓர் அறிக்கை எழுத ஆள் இல்லாதவர் உள்ளேயே கிடக்கிறார்.

இந்தக் கதையில் நான் நல்லவளாக மட்டும் நின்றுவிட முடியாது. சமூகப்பணியில் முதுகலை முடித்ததும் ஒரு மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்தேன். 14 மாதம் இருந்தேன். நன்னடத்தை அலுவலருக்காக வீடு வீடாகப் போய் விசாரித்து வரைவு எழுதிக் கொடுப்பதும் என் வேலையில் சேர்ந்தது. டீக்கடையோடு நிற்க மாட்டேன் என்று உறுதி எடுத்துக்கொண்டுதான் போனேன்.

சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு வழக்கு. 16 வயதுப் பையன், செல்போன் திருட்டு. அவன் தெருவுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் இருந்தார்கள். முன்பணம் வாங்கியிருந்ததால் ஆறு மாதம் அங்கேதான். பையனும் தங்கையும் பாட்டியோடு இருந்தார்கள். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. அன்றைக்கு எனக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. அலுவலகத்துக்குத் திரும்பிப் படிவத்தை எடுத்தேன்.

அந்தப் படிவத்தை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளில் ஆறாம் படிவம். பெயர், வயது, சாதி, மதம் என்று தொடங்கும். புகைப்பழக்கம், குடிப்பழக்கம், படிக்கும் பழக்கம், நண்பர்கள், அக்கம்பக்கம் என்று போகும். குற்றத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டு, அதற்குக் கீழே தேர்வுகளும் கொடுத்திருப்பார்கள். பெற்றோர் கவனிப்பின்மை. பெற்றோரின் அளவுக்கு மீறிய செல்லம். பெற்றோரின் குற்ற நடத்தை. நண்பர்களின் தாக்கம். போதைப்பொருள் வாங்குவதற்காக. கடைசியில் 'பிற, குறிப்பிடவும்' என்று ஒரு கோடு.

நான் 'பெற்றோர் கவனிப்பின்மை' என்பதற்கு எதிரே குறியிட்டேன். வீடு பூட்டியிருந்தது, பெற்றோர் இல்லை, ஆகவே கவனிப்பு இல்லை. அது பொய் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

வெளியே அனுப்பினால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பிணை தள்ளிப்போனது. பத்து நாள் கழித்து அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். சூளையில் மேஸ்திரியிடம் கெஞ்சி ஒரு நாள் விடுப்பு வாங்கி, பஸ் காசு கடன் வாங்கி வந்திருந்தார். முழங்கை வரை செம்மண். அறிக்கையில் இருந்ததை வக்கீல் சொல்லியிருக்கிறார். சத்தம் போடவில்லை. "நாங்க பாக்கலன்னு எழுதிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நாங்க அங்க வேகுறதே அதுங்களுக்காகத்தான?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. துணை அறிக்கை எழுதிக் கொடுத்தேன். முன்பணம் எவ்வளவு, எத்தனை மாதம், பாட்டியின் கண் நிலை, இருவருக்கும் பள்ளியில் இடம் இருக்கிறதா, பக்கத்துத் தெருவில் இருக்கும் தாய்மாமன் பொறுப்பேற்கத் தயாரா என்று எல்லாவற்றையும் எழுதினேன். பையன் வெளியே வந்தான். ஆனால் என் ஒரு குறியால் அவன் கூடுதலாக உள்ளே இருந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நானும் சேரியில் பிறந்தவள்தான். நம் வீட்டு அம்மாக்களும் வேலைக்குப் போய்த்தான் நம்மை வளர்த்தார்கள். அப்படிப்பட்ட என் கையே அந்தக் குறியை இட்டது. நம் ஆள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. படிவம் நம் கையையும் தன் பக்கம் இழுக்கும். நேரம் இருக்காது, பார்க்க வேண்டிய வீடுகள் குவிந்திருக்கும், மேலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி எனக்கு உறைத்தது. அது உறைக்கிற ஆட்கள் அந்த அலுவலகங்களில் கூட வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

இப்போது என் முனைவர் பட்ட ஆய்வு இந்த அறிக்கைகளைப் பற்றித்தான். உரிய அனுமதியோடு, பெயர் நீக்கிய அறிக்கைகளைப் படிக்கிறேன். ஆய்வு முடியாததால் எண்ணிக்கை எதுவும் சொல்லப் போவதில்லை. படித்த வரையில் என்னை உறுத்தும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சாதி என்ற வரியை எல்லோரும் நிரப்புகிறார்கள். அந்தச் சாதி பையனின் வாழ்க்கையில் என்ன செய்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. பள்ளியில் கழிவறை கழுவச் சொன்னதால் படிப்பை விட்டான் என்று எழுத எந்தத் தேர்வும் அங்கே இல்லை. கடனுக்காகப் பண்ணையில் மாடு மேய்த்தான் என்பதற்கும் இல்லை. அதையெல்லாம் எழுதுகிற இடம் 'பிற' என்ற கோடுதான். பெரும்பாலும் அது வெறுமையாகக் கிடக்கிறது.

சிறைக்கு வருவோம். 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. கூட்டுவது, கழிவு அள்ளுவது ஒரு சாதிக்கு, சமைப்பது இன்னொரு சாதிக்கு என்று பிரித்த சிறை விதிகள் அரசியலமைப்புக்கு எதிரானவை என்றது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டத்தை நீக்கச் சொன்னது. குற்றப் பழங்குடி என்ற பழைய முத்திரையின் மிச்சங்களையும் சாடியது. நம் பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. மோதலைத் தவிர்க்கத்தான் பிரித்து வைத்தோம் என்ற நியாயத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

குடியரசாகி எழுபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகுதான் இந்தத் தீர்ப்பு வந்திருக்கிறது. அதுவும் ஒரு பத்திரிகையாளர் வெளியிலிருந்து எழுதி, வழக்குப் போட்டதால் வந்தது. இத்தனை ஆண்டுகள் எத்தனை கண்காணிப்பாளர்கள், சிறை அலுவலர்கள், நலப் பணியாளர்கள் அந்த வளாகங்களுக்குள் தினமும் நடந்திருப்பார்கள்! யார் துடைப்பம் பிடிக்கிறார்கள், யார் கரண்டி பிடிக்கிறார்கள் என்பது அவர்கள் கண்ணில் படவில்லையா? பட்டிருக்கும். அவர்கள் ஊரிலும் அப்படித்தானே நடக்கிறது, விசித்திரமாகத் தோன்றியிருக்காது.

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அடுத்த மாதம் இல்லத்தின் ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதன் பிறகு இல்லங்களைச் சீரமைக்க ஆலோசனை சொல்ல நீதிபதி கே.சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது. நாம் சுவரொட்டி ஒட்டினோம், கண்டனக் கூட்டம் போட்டோம். அது தேவைதான். ஆனால் அடுத்து இந்த இல்லங்களுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தபோது நம்மில் எத்தனை பேர் விண்ணப்பித்தோம்? நானே விண்ணப்பிக்கவில்லை. ஆய்வு இருக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இங்கே ஒரு தோழர் கேட்பார், எல்லாக் கூட்டத்திலும் யாராவது கேட்கிறார்கள்: "சிறையே ஒடுக்குமுறைக் கருவி. அதில் வேலைக்குப் போவது கருவிக்குக் கைப்பிடி ஆவதுதானே?" நியாயமான கேள்வி. 1871இல் கொண்டுவந்த குற்றப் பழங்குடிச் சட்டத்தை 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரித்தார்கள். ஒரு சாதியில் பிறந்தாலே கைரேகை வைக்க வேண்டும். அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மக்கள் மாண்டார்கள். அந்தப் பதிவேட்டை எழுதியதும் யாரோ ஓர் அரசு ஊழியரின் கைதான். அன்று நல்ல மனம் கொண்ட ஒரு குமாஸ்தா அங்கே இருந்திருந்தால் சட்டம் மாறியிருக்குமா? மாறியிருக்காது. போராட்டம்தான் மாற்றியது.

ஆகவே உள்ளே போவது போராட்டத்துக்கு மாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணல் அம்பேத்கர் சட்டமன்ற இடங்களோடு ஏன் நின்றுவிடவில்லை என்று யோசித்துப் பாருங்கள். 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்திலேயே அரசுப் பணிகளில் நியாயமான பிரதிநிதித்துவம் என்ற கூறு இருக்கிறது. நல்ல சட்டத்தைக்கூட நடத்துகிற கை கெடுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். சிறைகளே இல்லாத காலம் வரட்டும், வேலை செய்வோம். அதுவரை இன்று இரவு கூர்நோக்கு இல்லத்தில் படுத்திருக்கும் பையனுக்கு நாளைக்கு யாரோ ஒருவர் அறிக்கை எழுதத்தான் போகிறார்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களை இந்த வேலைக்குக் கூப்பிடுவது நேர்மை ஆகாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியதாகப் பிடிபட்டவர்கள் உடன் படித்த சிறுவர்கள். அவர்களுக்கும் சமூக விசாரணை அறிக்கை எழுத வேண்டும். அதை எழுதுகிற நாற்காலியில் நாளைக்கு நீங்கள் இருக்கலாம்.

நான் இருந்த மாவட்டத்தில், அவ்வளவு பெரியது இல்லை என்றாலும், அதே வகை வழக்கு ஒன்று வந்தது. பைக்கில் ஊர்த்தெரு வழியாக ஹாரன் அடித்துப் போனான் என்று நம் பையன் ஒருவனை அடித்துக் கையை உடைத்துவிட்டார்கள். அடித்தவர்களில் ஒருவனுக்கு 17 வயது. அவன் வீட்டுக்கு நான் போனேன். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. தண்ணீர் கேட்டேன். கடைக்கு ஆள் அனுப்பிப் பாட்டில் வாங்கி வந்து கொடுத்தார்கள், டம்ளர் கொடுக்கவில்லை. அவன் அம்மா, "உங்களுக்கு எந்த ஊரு? அதுல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவன் பாட்டிதான் பேசினார்.

அன்று இரவு படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, 18 வயதுக்கு மேற்பட்டவர் அந்தச் சட்டத்தில் குற்றவாளி என்று முடிவானால் நன்னடத்தைச் சட்டத்தின் சலுகை கிடையாது என்கிறது. அது தேவையான பிரிவு. இவனுக்கு 17. இவனைச் சிறுவன் என்றுதான் சட்டம் சொல்கிறது. 16 வயதைத் தாண்டியவர்களைக் கொடுங்குற்ற வழக்குகளில் பெரியவர்களைப் போல விசாரிக்கலாம் என்று 2015இல் 15ஆம் பிரிவைக் கொண்டுவந்தபோது அதை எதிர்த்தவர்களின் பக்கம்தான் நான் நிற்கிறேன். பம்புசெட் கம்பியில் என் தம்பி குழந்தை என்றால், இவனும் குழந்தைதான். மனசு ஒப்பவில்லை. ஒப்பாமலேதான் எழுதினேன்.

ஆனால் கெட்ட சகவாசம் என்று எழுதவில்லை. அவன் கையில் கட்டியிருந்த சாதிக் கயிறு, கோயில் திருவிழாவில் இளைஞர் குழு என்ற பெயரில் நடப்பது, சித்தப்பா அனுப்பும் வீடியோக்கள், பள்ளியில் யாரோடு உட்கார மறுத்தான் என்பது, எல்லாவற்றையும் 'பிற' என்ற கோட்டில் தொடங்கித் தனித் தாள் இணைத்து எழுதினேன். அடிபட்டவன் வீட்டுப் பக்கம் போகக் கூடாது, படிப்பு நிற்கக் கூடாது, ஆற்றுப்படுத்துநரிடம் தொடர்ந்து வர வேண்டும் என்று பரிந்துரைத்தேன். அவன் திருந்தினானா என்று கேட்காதீர்கள், அதைப் பார்க்கிற அளவு நான் அங்கே இல்லை, என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. சாதி என்பது நம் பிள்ளைகளின் படிவத்தில் மட்டும் நிரப்பப்படும் வரி அல்ல, அவர்கள் பிள்ளைகளைக் கெடுப்பதும் அதுதான் என்று ஓர் அரசுத் தாளில் ஒருமுறையாவது பதிவானது.

சரி, வழி என்ன? வேலைவாய்ப்பு பற்றிப் பேசத்தானே கூப்பிட்டீர்கள். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, டிஎன்பிஎஸ்சி தொகுதி 2 தேர்வு. சிறைத்துறை, சமூகப் பாதுகாப்புத் துறை இரண்டுக்கும் நன்னடத்தை அலுவலர் பணியிடங்கள் இதன் வழியாக வருகின்றன. விருப்ப வரிசையில் வருவாய்த் துறை, பதிவுத் துறை என்று போட்டுவிட்டு இதைக் கடைசியில் தள்ளாதீர்கள். கல்வித் தகுதியை ஒவ்வோர் அறிவிக்கையிலும் நீங்களே படித்துச் சரிபாருங்கள், பயிற்சி மையம் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, சிறைக்குள்ளான பணிகள். உதவி சிறை அலுவலர், சிறை அலுவலர் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி. இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் பணிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். பத்தாம் வகுப்பு முடித்த நம் தெருத் தம்பி தங்கைகளிடம் இதைச் சொல்லுங்கள். கைதி நாள் முழுக்கப் பார்க்கும் முகம் கண்காணிப்பாளருடையது அல்ல, காவலருடையது. சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தர வேலூரில் 1979 முதல் ஒரு நிறுவனமே இயங்குகிறது.

மூன்றாவது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், களப்பணியாளர் என்று பல இடங்கள் உண்டு. மாவட்ட இணையதளத்தில் அறிவிப்பு வரும், விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு. ஒளிக்காமல் சொல்கிறேன், இவை ஒப்பந்த வேலைகள். தொகுப்பூதியம்தான், பணிப் பாதுகாப்பு கிடையாது. குடும்பப் பொறுப்பு இருப்பவர் யோசித்துச் சேருங்கள். இந்தப் பணியிடங்களை நிரந்தரமாக்கு, இட ஒதுக்கீட்டோடு நிரப்பு என்பது நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஏறவேண்டும். இன்றைக்கு அது எங்கும் என் கண்ணில் படவில்லை.

நான்காவது, இளைஞர் நீதிக் குழுமத்தின் சமூகப் பணியாளர் உறுப்பினர். குழந்தைகளுக்கான கல்வி, சுகாதாரம், நலப்பணிகளில் ஏழாண்டு அனுபவம், அல்லது உளவியல், சமூகவியல், சட்டம் போன்ற படிப்போடு தொழில் செய்பவராக இருத்தல் என்று சட்டம் கேட்கிறது. மாதிரி விதிகள் 35 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. எனக்கே இன்னும் மூன்றாண்டு இருக்கிறது. இப்போதே மாலைநேரப் பள்ளி நடத்துகிற தோழர்கள் உங்கள் பணியைத் தேதி போட்டு ஆவணமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்த ஏழாண்டைக் காட்ட வேண்டியிருக்கும்.

ஐந்தாவது, எந்தத் தேர்வும் எழுத விரும்பாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். சிறைக்குள் சட்ட உதவி மையங்களில் அவர்களுக்கு வேலை இருக்கிறது. படிக்க விரும்புகிறவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கிறது.

சேர்ந்த பிறகு ஒன்றே ஒன்று. டீக்கடையோடு நிற்காதீர்கள், தெருவுக்குள் போங்கள். வீடு பூட்டியிருந்தால் ஏன் பூட்டியிருக்கிறது என்று கேளுங்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர் எழுதிய வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். தனியாக இருக்காதீர்கள், இப்படி உள்ளே போனவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். அது இல்லாததால்தான் நான் 14 மாதத்தில் சோர்ந்துபோனேன்.

என் தம்பிக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. திருப்பூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகள். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் என் ஆய்வு எதைப் பற்றி என்று கேட்டான், சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, அப்ப என்னப் பத்தி அந்த ஆளு என்னதான் எழுதியிருந்தாரு?" என்றான். தெரியாது என்றேன். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்பதும் தெரியாது. அவன் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டான். பக்கத்தில் அத்தையும் உட்கார்ந்திருந்தார். "நீ அந்த வேலைக்குத் திரும்பப் போறியா?" என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். "போறதா இருந்தா நம்ம தெருவுக்குள்ள வர்ற ஆளா போ" என்றார்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் நானும் விண்ணப்பம் போடுகிறேன். அடுத்த அறிவிக்கை வரும்போது உங்களில் சிலரையாவது அந்தத் தேர்வறையில் பார்க்க வேண்டும்.